அம்மா செருகிய கேபிள்

எங்கள் அரசுக் கல்லூரியில் கடைசி வருடப் புராஜெக்ட்டைக் காட்டும் நாளன்று தேர்வாளர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் போடாமல் தப்பித்த குழுவும் கிடையாது. பன்சித் நூடுல்ஸ் சரியாக வேகாததால் மார்க் போன கதையெல்லாம் சீனியர்கள் சொல்வார்கள். புளுகாகத்தான் இருக்கும். இருந்தாலும் யார் பரீட்சித்துப் பார்ப்பது?

எங்கள் குழு என்றால் நானும் டெல்வினும்தான். சாப்பாட்டை என் அம்மா ஏற்றுக்கொண்டாள். துறைமுகச் சந்தையில் மீன் விற்கிறவள். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு, பெரிய தட்டு நிறையப் பன்சித்தும் லும்பியா என்கிற பொரித்த ரோலுமாகச் சுமந்துகொண்டு படகேறி வந்துவிட்டாள்.

பதிவாளர் அலுவலகம் குன்றின் மேலே, பணம் கட்டுமிடம் கீழே. அட்மிஷன் சமயத்தில் பிள்ளைகள் வெயிலில் ஏறி இறங்கியே நாக்குத் தள்ளிப்போவார்கள். அந்த இரண்டையும் நெட்வொர்க்கால் இணைத்து, கீழேயே எல்லாம் முடியும்படி செய்திருந்தோம். இதில் தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருடம். அடுத்து தங்கை கல்லூரியில் சேரக் காத்திருக்கிறாள், இரண்டு பேரை ஒரே சமயத்தில் படிக்கவைக்க அம்மாவால் முடியாது. அதனால் எனக்கு இன்னொரு வருடம் என்பதே இல்லை.

தேர்வாளர்கள் மூன்று பேர். தலைவர் அபார்க்கெஸ் சார், சீபூ நகரத்தில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அம்மாவைச் சாப்பாட்டோடு லேபில் விட்டுவிட்டு, அவர்களை வாசலுக்குப் போய் அழைத்து வந்தோம். கடைசி நிமிடம்வரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டெல்வின் முதல் மாணவன் பெயரை அடித்து எண்டர் தட்டினான். திரை அப்படியே நின்றது. மறுபடி தட்டினான். அசையவில்லை.

"சார், சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா..." என்று இழுத்தான்.

"ஸ்லோவா? செத்தே போச்சுப்பா" என்றார் சார். "லைவா காட்டறோம்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப என்னத்தக் காட்டப்போறீங்க, பன்சித்தையா?"

டெல்வின் சிலுவை போட்டுக்கொண்டான். நான் கேபிள்களெல்லாம் வந்து கூடும் ஸ்விட்ச் பெட்டியிடம் ஓடினேன். ஒன்று மாற்றி ஒன்று மின்னவேண்டிய விளக்குகள் எல்லாம் சேர்ந்து பேய் பிடித்தமாதிரி துடித்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, லூப். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் செருகியிருந்தால், போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். ஒவ்வொரு கேபிளாகக் கையால் தடவிப் பார்த்தேன். உபரியாக நான் தொங்கவிட்டிருந்த ஒன்றின் மறுமுனையும் உள்ளே இருந்தது.

"இதை யாரு செருகினது?"

"நான்தான் இந்தாய்" என்றாள் அம்மா. எங்கள் பக்கம் மகளை அப்படித்தான் அழைப்பார்கள். "தரை வரைக்கும் தொங்கிட்டுக் கெடந்துச்சு. பெரியவங்க வர்ற எடம், கால்ல சிக்கிக்குமேன்னு காலியா இருந்த ஓட்டையில சொருகி வெச்சேன். கச்சிதமா உள்ள போச்சே."

பிடுங்கினேன். திரைக்கு உயிர் வந்தது.

"ஆக, ஒரு அம்மா நெனச்சா ஒத்தக் கையால காலேஜையே நிறுத்திடலாம்" என்றார் சார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்.

"சார், அவங்க வெளியாளு, சோறு கொண்டாந்தவங்க..." என்று ஆரம்பித்தான் டெல்வின்.

"நீ சும்மா இரு" என்றேன். "அம்மா மேல தப்பில்ல சார். நாளைக்குப் பதிவாளர் ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கறவங்க இருப்பாங்க, மேசைய நகத்தறவங்க இருப்பாங்க. யாரு கையும் படக்கூடாதுன்னா அது என்ன நெட்வொர்க்கு? இது பழைய பெட்டி, லூப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. கொஞ்சம் டைம் குடுங்க, மாத்திக் காட்டறேன்."

"அதுவரைக்கும் நாங்க சாப்பிடறோம் மிஸ் தபனாவ்" என்றார் சார், என் குடும்பப் பெயரைச் சொல்லி.

கல்லூரி கொடுத்த புது ஸ்விட்சில் நான் எல்லா அமைப்பும் போட்டு வைத்திருந்தேன். டெல்வின்தான் அதை மறுபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தான்.

"சாவியக் குடு."

"காலேஜ் சொத்துடி அது. கீறல் விழுந்தா நம்ம தலையில கட்டுவாங்க."

"விழட்டும். குடு."

உறையைக் கிழித்து, கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். எது எங்கே போகவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. விளக்குகள் பச்சையானதும் கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க வா. அதே கேபிள எடு. முன்ன செருகினமாதிரியே செருகு."

"ஐயோ வேணாம் இந்தாய். செஞ்சது போதாதா?"

"செருகும்மா. என்ன ஆகுதுன்னு நான் பாத்துக்கறேன்."

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு செருகினாள். ஒரே ஒரு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறி அப்படியே நின்றது. லூப்பைக் கண்டுபிடித்து, அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டது புதுப் பெட்டி. மற்றவை பச்சையாகவே மின்னின. டெல்வின் பெயர்களை அடிக்க அடிக்கத் திரையில் ஏறிக்கொண்டே இருந்தன.

அபார்க்கெஸ் சார் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தானே பிடுங்கினார், செருகினார், வேறு ஓட்டையிலும் செருகிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. "இத மொதல்லயே வெச்சிருக்க வேண்டாமா?" என்று திட்டிவிட்டு, தேறியதாகக் கையெழுத்துப் போட்டார். அந்த நிமிடம் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நான் சந்தைக்குப் போனபோது, அம்மா சூரை மீனை வெட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மூணு பேர் சோதிச்சாங்கன்னு யாருடி சொன்னது? நாலு பேரு. நானும் கைய விட்டுச் சோதிச்சேன். என் பொண்ணு கட்டினது அசையவே இல்ல."