ஹிரோக்காவின் பாட்டில்

எங்கள் சந்தின் சாராயக்கடைகளில் ஒரு வழக்கம். வாடிக்கையாளர் ஒரு முழு பாட்டில் சாராயம் வாங்கி, அதன் கழுத்தில் தன் பெயரைக் கட்டி, கடை அலமாரியிலேயே விட்டுப்போவார். வரும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சம் குடிப்பார். பெயர் தொங்குகிற பாட்டில் ஒன்று இருந்தாலும் கடையை மூடக்கூடாது. மூடினால் வாக்குத் தவறியவள் ஆவேன்.

என் முட்டிகள் இரண்டும் போய்விட்டன. பெப்பு என்ற ஊரில் தங்கை சிசுரு, வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் எனக்கு அறை பார்த்து வைத்திருக்கிறாள். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் அது கைநழுவிவிடும். அதனால் நான் புது பாட்டில் விற்பதையே நிறுத்திவிட்டேன். எல்லாம் காலியாகி, ஹிரோக்காவின் பாட்டில் மட்டும் மிச்சம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். பூனை பால் நக்குவதுபோல் துளித்துளியாகக் குடிப்பார்.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சுட்ட கோழியைப் படமெடுத்தார்கள்.

"அப்படியே பழைய காலம்! எதையும் மாத்திடாதீங்க அக்கா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரியடுப்புக்கும் சுவருக்கும் நடுவே நான் திரும்பக்கூட இடமில்லை. நீ நின்று பார் ஒரு நாள்!

ஹிரோக்கா வந்ததும் தம்ளர் நிறைய ஊற்றினேன்.

"என்ன ஃபுமியோ, கை இன்னைக்குத் தாராளமா இருக்கு?"

"குடிங்கண்ணே. கடைய மூடப்போறேன்."

பக்கத்தில் இருந்த மீன்கடை மொத்தேகி சிரித்தான். "வருஷா வருஷம் இதேதான் சொல்ற. ரெண்டு ஈரல் போடு, அப்புறம் மூடு."

ஹிரோக்கா சிரிக்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார். பாட்டிலில் ஒரு விரல் அளவு மீதி. அதையும் ஊற்றப்போனேன். தம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

"அது இருக்கட்டும்."

"எதுக்குண்ணே?"

"என் பேரு ரெண்டே எடத்துல இருக்கு ஃபுமியோ. ஒண்ணு செத்துப்போன எம் பொஞ்சாதி கல்லறையில. எம்பேரையும் சேத்து வெட்டி, உசுரோட இருக்கேன்னு சிவப்பு பூசி வெச்சிருக்காங்க. இன்னொண்ணு இங்க."

அவர் எழுந்து போனார். மற்றவர்களும் போனபின் பாட்டிலைக் கையில் எடுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒரு சாய்ப்பு சாய்த்தால் பெப்பு. யார் கேட்கப்போகிறார்கள்?

"கிழவா, என்னை எதுக்குய்யா கட்டிப்போடுற?" என்று வாய்விட்டுத் திட்டினேன். அழுகை வந்தது.

பிறகு அதைக் காலி அலமாரியில், பெயர் வெளியே தெரியும்படி வைத்தேன்.

சிசுரு போன் செய்தாள். "எப்பக்கா வர்ற? அறையோட சொந்தக்காரர் கேக்குறார்."

"இன்னும் ஒருத்தர் குடிச்சு முடிக்கணும்டி."

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு விரல்."

"அவ்வளவுதானே! நாளைக்கே முடிஞ்சிடுமே."

"முடியாது" என்றேன். "அறைய வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு."