சீஃபுக்குக் கொடுத்த ரொட்டி

முகுரே தன் மகள் வமைதாவை அடக்கம் செய்த பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. நைரோபிக்குப் பக்கத்து லிமுருவில் அப்படித்தான். சாவு விழுந்த வீட்டில் ஒருத்தியைத் தனியாக விடுவது பெரிய குற்றம். அவளுக்கே கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் தேவலாம் என்று தோன்றினாலும் விடமாட்டார்கள்.

சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது தேவாலயத்துப் பெண்களும் சேர்ந்து இறங்குவார்கள். ஒருத்தி பால் கொண்டுவருவாள், ஒருத்தி சர்க்கரை, ஒருத்தி ரொட்டி. முகுரேயின் அடுப்பை முகுரேயைத் தொடவிடாமல் அவர்களே தேநீர் போடுவார்கள். பாடுவார்கள், ஜெபிப்பார்கள், நடுவில் மண்ணெண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு செத்த பிள்ளை ஞாபகம் வந்து மறுபடி மூக்கை உறிஞ்சுவார்கள். அழாதவள் முகுரே ஒருத்திதான். சந்தையில் பழைய துணி விற்கிறவள்; வாயாடி என்று பேர் வாங்கியவள். இப்போது நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று அடுப்படியில் யாரோ கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது.

இன்னொன்றும் அவள் கவனித்தாள். யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளை பிறந்த அன்றே பெண்ணுக்குச் சொந்தப் பேர் போய்விடும். பதினான்கு வருஷமாகச் சந்தையிலும் தேவாலயத்திலும் மினிபஸ்ஸிலும் அவள் "வமைதா அம்மா"தான். பக்கத்து வீட்டுக்காரி கிராகு அம்மா என்றால், கிராகுவைப் பெற்றவள் என்று அர்த்தம். அவளுடைய பேர் என்ன என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அந்த "வமைதா அம்மா" எல்லார் வாயிலிருந்தும் காணாமல் போயிற்று. "சிஸ்டர், தேநீர் ஆறுது." "இந்தாம்மா, இதைப் போத்திக்க." புண்ணில் கை பட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளையோடு சேர்த்து அந்தப் பேரையும் குழியில் போட்டு மூடிவிட்டார்கள் என்று முகுரேக்குப் பட்டது. அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. தகப்பன்காரன் மொம்பாசாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான்.

மிஞ்சியது முயல் ஒன்று.

அதை இறைச்சிக்கு வளர்த்தவர் ஒருவரிடமிருந்து வமைதா கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். இதய வால்வு கெட்டுப்போன பிள்ளை. ஓடக் கூடாது, ஏறக் கூடாது, மற்றப் பிள்ளைகளோடு கயிறு தாண்டக் கூடாது. அவளுக்குப் பதிலாக முயல் ஓடியது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் மனு கொடுக்க வந்தவர்களைப் போலப் பார்க்கும் என்பதால், ஊர் அதிகாரியைச் சொல்வது போல அதற்குச் சீஃபு என்று பேர் வைத்தாள். "திங்கறதத் தவிர வேற வேலை கிடையாது, பேரு பொருத்தம்தான்" என்று முகுரே சொல்வாள். பிள்ளை சிரித்து, மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரிப்பாள்.

சீஃபுவின் இருப்பிடம் வமைதாவின் கட்டிலுக்கு அடியில். தினமும் காலையில் அங்கே கூட்டி, உருண்டை உருண்டையாகக் கிடக்கும் புழுக்கையை அள்ளுவது வமைதாவின் வேலை. இப்போது முகுரே கூட்டினாள். ஒரு நாள் கூட்டியபோது துடைப்பத்தில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி கூட்டினாள். கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். சீஃபு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லித் தண்டை மூக்குக்கு நேரே நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தத் திருப்பலை அவள் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். நைரோபி ஆஸ்பத்திரியில், கஞ்சிக் கரண்டிக்கு முன்னால். முகுரே முயலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கால்நடை மருந்துக் கடைக்காரன் முயலைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் நல்ல கறி இருக்கு. இன்னிக்கே முடிச்சிருங்க" என்றான்.

"உன்ன முடிச்சிருவேன். முயல் பாக்கிற டாக்டர் எங்க இருக்காங்க, அத மட்டும் சொல்லு."

நைரோபி போகும் வழியில் ஒரு சின்ன மருத்துவமனை இருப்பதாகச் சொன்னான். கூடையில் பழைய ஸ்வெட்டரை விரித்து, சீஃபுவை அதில் வைத்து மினிபஸ் ஏறினாள். கண்டக்டர் பையன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, சமைச்சே எடுத்துட்டு வந்திருக்கலாம். பஸ்ஸுக்கே வாசன வந்திருக்கும்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவள் பஸ்ஸையே சிரிக்க வைக்கிற பதில் ஒன்று சொல்லியிருப்பாள். அன்று கூடையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் செபெட் இளம் பெண். முயலை வாங்கிக்கொண்டே, எல்லாரும் எல்லாரையும் கேட்பது போல, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள்.

முகுரே காலிக் கூடையைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சீஃபோட அம்மா" என்றாள் கடைசியில்.

டாக்டர் சிரித்துவிட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"உள்ள ஒரு சத்தமும் இல்ல. குடல் நின்னு போயிருக்கு. என்ன சாப்பிட்டான்?"

"புல்லு. கொத்தமல்லி. எப்பவும் சாப்பிடறதுதான்."

"ரொட்டி, பிஸ்கட் மாதிரி ஏதாவது?"

"எங்க வீட்டுல அதெல்லாம் குடுக்க மாட்டோம். என் பொண்ணு யாரையும் குடுக்க விடமாட்டா."

"வெளியாளுங்க யாராவது வந்தாங்களா?"

முகுரேக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. தேநீர்க் குவளையும் ரொட்டியுமாக ஒவ்வொருத்தியும் பிள்ளையின் அறைக்குள் போய்க் கட்டிலடியில் குனிந்தது. "ஐயோ பாவம், அவ வளத்தது" என்று ஒரு துண்டு. "உன் எஜமானி எங்கடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு. கிராகு அம்மா மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டு, வெண்ணெய் தடவியதையே ஊட்டியிருந்தாள். செத்த பிள்ளைக்கு இனி ஒன்றும் கொடுக்க முடியாது. அதனால் அவளுடைய முயலுக்குக் கொடுத்தார்கள். முகுரே நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தது மண்டைக்குள் ஏறவில்லை.

டாக்டர் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினாள். வலிக்கு ஊசி போட்டாள், குடலைத் தூண்ட மருந்து கொடுத்தாள். உலர்ந்த புல்லைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சியால் வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னாள். வயிற்றை மெல்ல நீவிவிட வேண்டும், சூடாக வைத்திருக்க வேண்டும்.

"முக்கியமா, வீடு அமைதியா இருக்கணும். இதுங்க பயந்தாலே வயிறு நின்னுரும். கூட்டம், பாட்டு எதுவும் வேணாம். அவனாப் போய்ப் புழுக்கை போட்டான்னா பொழச்சான்னு அர்த்தம்."

"போடலன்னா?"

டாக்டர் மருந்துப் பையைக் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் முகுரே இரும்புக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். சாவு வீட்டுக் கதவை ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குத் திறக்காமல் பூட்டுவது அந்த ஊர் கண்டிராத காரியம். பெண்கள் வந்தார்கள், தட்டினார்கள், தூங்குகிறாள் போல என்று வெளியே நின்றே ஒரு பாட்டுப் பாடினார்கள். மதில் மேல் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அசையவில்லை. ரொட்டி கொடுத்த கைகள். அந்தக் கைகளின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம். பிள்ளையைக் கொண்டுபோன கடவுளிடம் காட்ட முடியாத கோபம் முழுவதும் அந்த ரொட்டியின் மேல் போய் நின்றது.

வமைதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். சுடுதண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி முயலுக்கு அணைப்பாக வைத்தாள். மடியில் போட்டு, சிரிஞ்சியை வாயோரம் நுழைத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி அவள் பாவாடையில் வழிந்தது. "ஒரு வாய், ஒரே ஒரு வாய். அம்மாவுக்காக" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. கடைசி வாரத்தில் வமைதா அந்த ஒரு வாயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, அம்மா திரும்பியதும் துணியில் துப்பியிருந்தாள். தலையணைக்கடியில் அந்தத் துணியை முகுரே பிறகுதான் பார்த்தாள்.

சீஃபு துப்பவில்லை. வேண்டா வெறுப்பாக மென்றது. அவள் வயிற்றை நீவினாள். தோல் மத்தளம் போல விறைத்திருந்தது. "நீயும் போயிட்டா இந்தக் கட்டிலடிய நான் எதுக்குக் கூட்டணும், சொல்லு" என்று கேட்டாள். வீட்டில் துடைப்பம் எடுக்க இந்த உலகத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் காரணமாக இருந்தது.

மறுநாளும் கதவு திறக்கவில்லை. வந்தவர்கள் குறைந்தார்கள், பேச்சு கூடியது. முயலுக்காகத் தேவனுடைய பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டாள், மூளை பிசகிவிட்டது, பாதிரியாரைக் கூப்பிட வேண்டும். எல்லாம் அவள் காதில் விழும்படிதான் மதிலுக்கு வெளியே பேசினார்கள். சந்தைக்கும் அவள் போகவில்லை. குழைத்த புல், மருந்து, சுடுதண்ணீர், நீவல். மறுபடி குழைத்த புல். நீவும்போது விரலுக்கடியில் ஒரு தடவை ஏதோ குமிழி போல ஓடியது. பிரமையாக இருக்கும் என்று நினைத்தாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். மொறுமொறுவென்று ஒரு சத்தம். காலையில் வைத்த புல்லில் ஒரு இழை சீஃபுவின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தின்று முடித்ததும் அது எழுந்தது, சோம்பல் முறித்தது, வமைதாவின் தலை இருக்கும் பக்கத்தில் போய் முன்கால்களைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்து நின்றது. வமைதா இருந்தவரை கொத்தமல்லி அங்கிருந்துதான் வரும். வெகுநேரம் நின்றது. பிறகு இறங்கி வந்தது. அது நின்ற இடத்தில் கறுப்பாக, மிளகு அளவில், காய்ந்த புழுக்கை ஒன்று கிடந்தது.

முகுரே அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டிய ஆள் அந்தக் கட்டிலில் இல்லை.

அப்போதுதான் இரும்புக் கதவு அதிர்ந்தது. விரலால் தட்டுகிற மரியாதையெல்லாம் இல்லை. கல்லால் இடிக்கிற இடி.

"வமைதா அம்மா" என்று கிராகு அம்மாவின் குரல் தெருவையே தூக்கியது. "வமைதா அம்மா, கதவத் தெறடி. உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியும். புகை வருது. மூணு நாளா உனக்காகச் சமைச்சு என் வீட்டுல நாய்க்குப் போடறேன். நான் என்ன செஞ்சேன் உனக்கு? வமைதா அம்மா, நீ செத்துக் கிடந்தா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? காது கேக்குதா, வமைதா அம்மா?"

முகுரே ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள்.

கிராகு அம்மா கையில் கல்லோடு நின்றாள். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. தான் எந்தப் பேரைத் தெருவெல்லாம் கேட்கக் கத்தினோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்லைக் கீழே போட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ. வாய் தவறிடுச்சு, சிஸ்டர். கோவத்துல வந்துடுச்சு."

முகுரே உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"நீங்க எல்லாரும் குடுத்த ரொட்டிதான் அவன் வயித்த நிறுத்திடுச்சு. இப்பத்தான் மொத புழுக்கை போட்டிருக்கான்."

கிராகு அம்மா அந்த மிளகளவு கறுப்பைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் கோணியது. "நான்தான் அதிகமாக் குடுத்தேன்" என்றாள் மெதுவாக. "அவளுக்குக் குடுக்கற மாதிரி இருந்துச்சு."

"தெரியும்."

"என்ன மன்னிச்சிரு, சிஸ்டர்."

"சிஸ்டர் கிஸ்டரெல்லாம் வேணாம்" என்றாள் முகுரே. "முன்னால எப்படிக் கூப்பிட்ட? மறுபடி ஒரு தடவ கூப்பிடு."

கிராகு அம்மா அவள் கையைப் புழுக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை கத்தாமல், "வமைதா அம்மா" என்றாள்.

"ம்" என்று பதில் கொடுத்துவிட்டு, முகுரே அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.