கொழுப்பெடுத்தவள்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டி வளைவில் திருப்பும்போதுதான், ஸ்டியரிங்கில் இருக்கும் விரல்கள் தன்னுடையவை அல்ல என்று அவளுக்குப் பட்டது. பிடித்திருந்தன, ஆனால் பிடித்திருப்பது தெரியவில்லை. முதுகில் வியர்வை ஊற்றியது. எதிரே வருவது ஒரு லாரியா இரண்டா என்று ஒரு கணம் புரியவில்லை. இருபத்தொரு வருடம் பஸ் ஓட்டிய கால் மட்டும் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கதவுகளைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்தாள். பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்னம்மா, என்ன பண்ணுது?"

"இனிப்பு... யார்கிட்டயாவது..." நாக்கு தடித்துப்போய்ப் புரள மறுத்தது.

முன் இருக்கையில் இருந்த பெண் பையைக் கிளறி இரண்டு மிட்டாய்களை எடுத்து, தானே உரித்து அவள் வாயில் போட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாயில் சர்க்கரை. அது ருசித்தது அவளுக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன், "குடிச்சிருக்கும்பா" என்றான். நன்றாகக் காதில் விழுந்தது. திரும்பி அவனை ஒரு வார்த்தை கேட்கத்தான் கழுத்தில் வலு இல்லை.

டிப்போவில் நர்ஸம்மா அவள் விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "மிட்டாய் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை அறுபத்திரண்டுதான் காட்டுது. மூணு மாசமா ஏறிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு இப்படிக் கவிழ்ந்திருக்கு. நீங்க என்னதாம்மா சாப்பிடுறீங்க?"

"கறி, முட்டை, கீரை. வேற எதுவும் தொடறதில்ல."

"உண்மையைச் சொல்லுங்க. நான் உங்க மாமியார் இல்ல."

அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். இனி டாக்டர் எழுதிக் கொடுத்து, மேலிடம் ஒப்புக்கொள்ளும் வரை அவள் வண்டியைத் தொடக்கூடாது. "நாளைக்கு எதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்மா" என்றார். டிரைவர் சீட்டில் கிடந்த அவளுடைய முதுகு மெத்தையைக் கண்டக்டர் எடுத்துவந்து கையில் கொடுத்தபோது, சாவுக்கு வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் அவள் விட்டு ஒரு வருடம் ஆகிறது. சர்க்கரை நோய்க்கு டாக்டர்தான் பாதை காட்டினார். ஆனால் வைராக்கியம் அவளுடையது. ஓய்வறையில் மற்றவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அவள் ஓரத்தில் வெள்ளைக் கொழுப்போடு வறுத்த கறித்துண்டுகள் இருக்கும் டப்பாவைத் திறப்பாள். கோழித்தோலைச் சருகு போல மொறுமொறுவென்று பொரித்துத் தனி டப்பாவில் வைத்திருப்பாள். மற்றவர்கள் பிஸ்கட் கொறிக்கும் நேரத்தில் அவள் அதைக் கொறிப்பாள். "அக்காவுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்று டிரைவர்கள் சிரித்தால், "ஆமா, நான் கொழுப்பெடுத்தவதான். வேணும்னா ஒரு துண்டு எடுத்துக்க, வாய்க்கொழுப்பு மட்டும் போதாது உனக்கு" என்பாள். முதல் ஒன்பது மாதத்தில் சர்க்கரை படிப்படியாக இறங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். சீருடை இடுப்பில் தொளதொளத்தது.

அவள் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. சர்வே ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு சமையலறை அவருடையதாகியிருந்தது. அவருடைய அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அதனால் வீட்டில் சட்டியில் கொழுப்பு உருகும் வாசனை வந்தாலே இவர் முகம் இருண்டுவிடும். "கொழுத்த ஆடே புல்லைத்தான் தின்னுது. நீ ஆட்டைத் தின்னுறே" என்பார். திடீரென்று ஒருநாள் சண்டையை விட்டுவிட்டார். "சரி, உனக்குப் பிடிச்சதை நானே செஞ்சு தர்றேன்" என்று கறியைக் கொத்தி உருண்டை பிடித்துப் பொரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். உருண்டைகள் அத்தனை மிருது. டிப்போ முழுக்க அவரைப் பற்றிப் பெருமையடித்தாள்.

அதற்கப்புறம்தான் சர்க்கரை ஏறியது. தூக்கம் சரியில்லை என்று நினைத்தாள். வயதாகிறது என்று நினைத்தாள். வெங்காயத்தை விட்டாள், தக்காளியை விட்டாள். டாக்டர் மாத்திரையைப் பழையபடி கூட்டி, அதற்கு மேலும் கூட்டினார். ஒருநாள் மீட்டரைப் பார்த்துக் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள்.

மெத்தையை இடுக்கிக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே இருந்தது. மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்த கணவர் காலையில்தான் திரும்பியிருந்தார். சமையலறையில் அவளுக்கு முதுகு காட்டி நின்று எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். பேசினில் கொத்துக்கறி. பக்கத்துக் கிண்ணத்தில் பாலில் ஊறிய ரொட்டித் துண்டுகள். அவர் ஒவ்வொன்றாகப் பிழிந்து, உதிர்த்து, கறியோடு சேர்த்துப் பிசைந்தார். பிறகு வெந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து உரித்தார்.

அவள் அசையாமல் நின்றாள். மூன்று மாதக் கணக்கு ஒரே நொடியில் நேராகியது. தினமும் உள்ளே போன ரொட்டி, அதை அடக்க ஏற்றிய மாத்திரை. இந்த இரண்டு நாள் தானே வறுத்துத் தின்ற வெறும் கறி. அடக்க எதுவும் இல்லாமல் அந்த மாத்திரை அவளையே இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறது.

"எத்தனை நாளா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையிலிருந்து கிழங்கு நழுவி விழுந்தது. "நீ... என்ன இந்நேரத்துல..."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"அப்பதான் உருண்டை உதிராம நிக்கும்னு..."

"பொய் சொல்லாதே!"

இருபத்தாறு வருடத்தில் அவரை முதல்முறையாக ஒருமையில் பேசியிருந்தாள். இருவருக்கும் அது கேட்டது. அவர் ஈரக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"வெறும் கறியும் கொழுப்பும் தின்னு நீ எங்க அண்ணன் மாதிரி போயிடுவேன்னு பயந்தேன். சொன்னா கேக்கமாட்டே. அதான் வயித்துக்குக் கொஞ்சம் சோறு மாதிரி எதாவது..."

"இன்னிக்கே போயிருப்பேன். தனியா இல்ல, நாப்பது பேரோட. சீட்டைப் பிடுங்கிட்டாங்க. பாருங்க." மெத்தையை அவர் காலடியில் எறிந்தாள். "பயம் உங்களோடது. உடம்பு என்னோடது. என்னைக் கேக்காம அதுல கை வைக்க நீங்க யாரு?"

"நான் வேணும்னு..."

"பாத்ரூம்ல உக்காந்து அழுதேனே, அன்னிக்கு வந்து முதுகைத் தடவிக் கொடுத்தீங்களே. அந்தக் கைதானே இது? அப்பகூட வாயில வரலையா?"

அவர் கண்கள் கலங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது. அழுகையும் அவருடையதாகிவிட்டால் தனக்கென்று என்ன மிச்சம்? பேசினை எடுத்து, பிசைந்த கறி மொத்தத்தையும் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். எறிந்த பேசின் தரையில் உருண்டு சுற்றிச் சுற்றி அடங்கியது.

பிறகு அவள் உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"டிப்போ மேனேஜருக்கு எழுதுங்க."

"நானா?"

"நான் திருட்டுத்தனமா தின்னேன்னு நெனைக்கிறாங்க. குடிச்சிட்டு ஓட்டுனேன்னு ஒருத்தன் சொல்றான். என்ன நடந்துச்சுன்னு உங்க கையால எழுதி, கையெழுத்து போடுங்க."

"ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். இவ்வளவு நாள் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க இல்ல?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஃபிரிட்ஜிலிருந்து கறித்துண்டு ஒன்றை எடுத்து, அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் போட்டாள். அவர் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாத, முத்து முத்தான ஆபீஸ் கையெழுத்து. ஒரு வரி முடிந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பினார். 'என் மனைவியின் உணவில் அவருக்குத் தெரியாமல் நான் ரொட்டி கலந்து கொடுத்தேன்.'

"மூணு மாசமான்னு சேருங்க. கிழங்கையும் எழுதுங்க."

சேர்த்தார். பிறகு, "ஏன் செஞ்சேன்னு எழுதட்டுமா?" என்றார்.

அவள் திரும்பவில்லை. கறியின் ஓரத்துக் கொழுப்பு உருகிச் சட்டியெங்கும் பரவி, சடசடவென்று சத்தமிடத் தொடங்கியது. பேனாவைத் தாளில் ஊன்றியபடி அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.