தோளில் ஏறிய மலைப் பீரங்கி

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஒற்றை மரக்கட்டை. அதில் குளம்பு வைக்க மாட்டோம் என்று குதிரைகள் அடம்பிடித்தன. அவற்றின் முதுகில் எங்கள் பீரங்கி, குழல் தனி, சக்கரம் தனி என்று பிரிந்து கிடந்தது.

போர்ப் பயிற்சிதான், நிஜச் சண்டை இல்லை. நாங்கள் சிவப்புப் படை, எதிரணி வெள்ளைப் படை. மதியத்துக்குள் கணவாயின் உச்சியில் பீரங்கியை நிறுத்தினால் விடுப்பு என்று கேப்டன் சொல்லியிருந்தார். ஊரில் என் மனைவி தோமிக்குப் பெண் பிறந்திருந்தது. நான் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை.

"நாங்க தூக்கிட்டு வர்றோம், கார்ப்பரல் ஐயா" என்று பக்கத்து மலையூர் மரவெட்டி கொன்ரோகு ஆள் திரட்டி வந்தான்.

வினையே அங்கேதான். அவர்களுக்குத் தோளில் கனம் தூக்கத் தெரிந்த ஒரே விதம், திருவிழாவில் சாமிப் பல்லக்கு தூக்குவது. குழலையும் சக்கரங்களையும் கழியில் கட்டி, வைக்கோல் பாய் சுற்றி, சாமிக்குக் கட்டும் வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டு, "வாஸ்ஷோய்! வாஸ்ஷோய்!" என்று குலுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்கு வீடு நிறுத்தம், வீட்டுக்கு வீடு சாகே என்னும் அரிசி மது.

"யோவ், இது பீரங்கிய்யா! குலுக்காதீங்க!"

"குலுக்கலேன்னா சாமி தூங்கிடுமே!"

"இதுல ஏதுய்யா சாமி?"

"தோள்ல ஏறிட்டா சாமிதான். மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க, ஒரு வாய் குடிங்க."

உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பினால், எதிரே வெள்ளைப் படை! உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு! கொன்ரோகு தன் மேலங்கியை என் சீருடைமேல் போர்த்தி, கழிக்கு அடியில் தள்ளினான். என் சிப்பாய்கள் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைப் படை எழுந்து தொப்பியைக் கழற்றியது. நடுவர் மேஜர் நுகாதா கோயிலில் செய்வதுபோல இரண்டு முறை கைதட்டி, கண்மூடிக் கும்பிட்டார். கடைசிச் சரிவில் எதிரிகளே சிலர் தோள் கொடுத்தார்கள். பாவம், நல்ல பிள்ளைகள்.

உச்சியில் பாயைப் பிரித்தோம். பீரங்கியை மாட்டினோம். வெற்று வெடி ஒன்று, டமார்!

"மோசடி சார்! சாமின்னு ஏமாத்திட்டாங்க!" என்று வெள்ளைப் படை லெப்டினன்ட் நடுவரிடம் ஓடினார்.

"நாங்க எப்ப சொன்னோம்?" என்றான் கொன்ரோகு. "நீங்களாத்தான் கும்பிட்டீங்க. நீங்களாத்தான் தூக்கினீங்க."

மேஜரின் காது சிவந்தது. "லெப்டினன்ட், நான் பீரங்கியக் கும்பிட்டேன்னு அறிக்கையில எழுதச் சொல்றீங்களா?"

லெப்டினன்ட் அவசரமாக சல்யூட் அடித்துவிட்டுப் பின்வாங்கினார்.

"சிவப்புப் படை ஜெயிச்சாச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, மேஜர் என் பக்கம் திரும்பினார். "நடந்தத யார்கிட்டயும் மூச்சு விடாத. போ!"

மறுநாள் தோமி பெண்ணை என் கையில் கொடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. முழுக் கதையையும் மகளின் காதோடு சொல்லிவிட்டேன். பேச்சு வராத பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்!