டோர்த்தெ அறுத்த கொடி

1994ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, வென்லி மாளிகையின் தெற்குச் சுவரில் படர்ந்திருந்த நூற்றெழுபது வயது விஸ்டீரியாக் கொடி வேர் இல்லாமல் பூத்தது. அடித்தண்டு ஜனவரியிலேயே அறுபட்டுவிட்டது. மார்ச்சில் கட்டையையும் தோண்டி எடுத்து எரித்து, அந்த இடத்தில் சரளைக்கல் கொட்டியாயிற்று. ஆனாலும் தரைக்கு மேலே இரண்டு முழம் வெறும் காற்று, அதற்கு மேலே நாற்பதடிக்குப் பச்சைக் கொடி, கொடி முழுக்க ஊதாச் சரங்கள். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் பக்கத்து ஜனங்கள் எதற்கும் லேசில் வாய் பிளப்பவர்கள் அல்ல. வசந்தம் பிந்தியதால் பூவும் ஒரு வாரம் பிந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாவரவியல்காரர் வந்து இடைவெளியை அளந்தார், மறுபடி அளந்தார், தேநீரோடு இரண்டு ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

தண்டை அறுத்தவள் டோர்த்தெ லுண்ட். டென்மார்க்கில் ஓடென்ஸ நகர நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். விவாகரத்து முடிந்த கையோடு ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு வென்லித் தோட்டத்துக்குத் தொண்டு வேலைக்கு வந்திருந்தாள். பழைய குதிரை லாயத்துக்கு மேலே ஓர் அறை, மதியத்துக்கு சூப், வாரத்தில் ஐந்து நாள் மண். தலைமைத் தோட்டக்காரர் ஆல்ஃப் ட்ரான்டரின் வாயில் அவள் பெயர் நுழையவில்லை. டாரத்தி என்று கூப்பிட்டார். ஜனவரி பதினோராம் தேதி, சுவரடியில் மண்டிக் கிடந்த ஐவிக் கொடிகளை அறுத்துத் தள்ளச் சொல்லிவிட்டு அவர் பேரித் தோப்புக்குப் போனார். இலையில்லாத காலத்தில் ஐவித் தண்டும் விஸ்டீரியாத் தண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. தொடைப் பருமன் தண்டு ஒன்றில் ரம்பம் பாதி இறங்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும், அரைகுறையாக விட்டால் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மீதியையும் அறுத்தாள். வெட்டுவாயில் ஈரமண்ணை அப்பினாள். கை கழுவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

மண் காய்ந்து உதிர இரண்டு வாரமாயிற்று. அந்த நாள்களில் ஆல்ஃபும் அதே சுவரடியில் தனியாக ஐவி அறுத்திருந்தார். டாரத்தி கைதவறி அறுத்திருந்தால் வந்து சொல்லியிருப்பாள் என்று நம்பினார். வெட்டுவாயைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு அலுவலக அறைக்குப் போய், தோட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவி மிஸஸ் கோரிங்கிடம் சொன்னார்.

“நான்தான் அறுத்திருக்கணும் மேடம். ஆனா ஞாபகம் வரல.”

விதைப் பொட்டலங்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டு டோர்த்தெ அதே அறையில்தான் இருந்தாள். ஆல்ஃபின் அண்ணன் லென் அறுபத்தாறு வயதில் ரொட்டி வாங்கப் போய்த் தன் வீட்டையே மறந்துபோனவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆல்ஃபுக்கு அப்போது அறுபத்தேழு. வாயைத் திறக்க அவளுக்கு முழுசாக ஒரு நிமிஷம் கிடைத்தது. அந்த நிமிஷத்தில் அவள் பட்டாணி விதைக்கு இரண்டு சீட்டு ஒட்டினாள். ஆல்ஃப் நாற்பத்தொரு வருஷமாக வைத்திருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

மே மாதத்துக்குப் பிறகு வென்லிக்குக் கூட்டம் வந்தது, பேருந்துகள் வந்தன. அறுத்தவர் கையில் ஏதோ ராசி இருக்கிறது என்று ஜனங்கள் பேசியது அவள் காதில் பழுக்கக் காய்ச்சிய கம்பியாக இறங்கியது. கொடி பட்டுப்போயிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஒருநாள் நினைத்துக்கொண்டாள். அது பொய் என்று மறுநாள் தெரிந்தது. விடுப்பு முடிந்தும் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. நூலக வேலையை விட்டாள், யாரும் கேட்காமலே உரக்குழி கிளறும் வேலையை எடுத்துக்கொண்டாள். தேநீர்க்கடை பிரெண்டா அவ்வப்போது ஆல்ஃபைப் பற்றிச் சொல்லுவாள். கார் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். நாய்க்குச் சோறு வைக்க மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நாயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். மருத்துவர் வைத்த ஞாபகப் பரீட்சையில் முப்பதுக்கு முப்பது வாங்கினாராம்.

“டாக்டர் பாவம் பாத்து மார்க் போட்டாருன்னு சொல்றாராம். என்னத்தச் சொல்ல,” என்றாள் பிரெண்டா.

1995 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை டோர்த்தெ பக்கத்து ஊரான லட்லோவில் ஆல்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டினாள். சமையலறையில் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: சர்க்கரை, தேயிலை, கோப்பைகள். அடுப்புக்கு மேலே: அணைத்தாயா?

“அந்தக் கொடிய அறுத்தது நான்தான், ஆல்ஃப்.”

அவர் கெண்டியைக் கீழே வைத்தார். “என்னைக்கு?”

“பதினொண்ணாந்தேதி. நீங்க பேரித் தோப்புக்குப் போயிருந்தீங்க.”

“போயிருந்தேன்,” என்றார். “அது ஞாபகம் இருக்கு.”

பிறகு எழுந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். நகம் வைத்துச் சுரண்டி, பசை போகத் துடைத்து, அவசரமில்லாமல். கடைசிச் சீட்டைக் கிழிக்கும்போது அவர் தோள் குலுங்கியது. அவள் எழுந்தாள்.

“உக்காரு. ரெண்டு வருஷமா ராத்திரி படுக்கும்போதெல்லாம் என் பேர நானே சொல்லிப் பாத்துக்கிட்டுப் படுத்தேன். தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“அது பூக்குதே, அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல.”

“இல்ல.”

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன் டாரத்தி. கேக்காத.”

“கேக்க வரல. அங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். நீங்க வரணும்.”

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, தொண்டர்கள் எல்லாரும் தேநீருக்குக் கூடியிருந்தபோது அவள் எழுந்து நின்று சொன்னாள். ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் மறந்துபோய், தேதியும் ரம்பமும் ஈரமண்ணும் மட்டுமே வாயில் வந்தன. பதினான்கு பேர் தங்கள் கோப்பைகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்தினார்கள்.

“போகட்டும், நல்லபடியாத்தானே முடிஞ்சுது,” என்றார் மிஸஸ் கோரிங்.

“உங்களுக்கு, மேடம்,” என்றார் ஆல்ஃப்.

மிஸஸ் கோரிங் முகம் சிவந்து, வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். ஆல்ஃப் வேண்டாமென்றார். ஆனால் புதுத் தோட்டக்காரன் வேரில்லாத கொடியில் கத்தி வைக்கப் பயந்து இரண்டு வருஷமாகக் கவாத்து பண்ணாமல் விட்டிருந்தான். அதைப் பார்த்த ஆல்ஃபுக்குப் பொறுக்கவில்லை. ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, தானே ஓட்டி வந்த காரில் அவர் வருவார். டோர்த்தெ ஏணியைப் பிடித்துக்கொள்வாள். முதல் வருஷம் முழுக்க அவர் மேலிருந்து சொன்னது “இன்னும் இடப்பக்கம்” என்பது மட்டுந்தான். ஆறாம் வருஷம், உங்கள் ஊரில் என்ன மரம் நடுவார்கள் என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. எண்பத்து மூன்றாவது வயதில், பேரித் தோப்பின் முப்பத்தெட்டு வகைகளையும் வரிசை பிசகாமல் செவிலிக்குச் சொல்லிவிட்டு இறந்தார்.

டோர்த்தெ வென்லியில்தான் இருக்கிறாள். கோடையில் தெற்குச் சுவரடியில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லுவது இப்போது அவள் வேலை. வேர் எங்கே என்று யாராவது கேட்பார்கள். “நான் அறுத்துட்டேன். பழிய வேறொருத்தர் மேல போக விட்டுட்டேன்,” என்பாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, கொஞ்சநேரம் பூவை அண்ணாந்து பார்த்துவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அவள் கை நீட்டிக் காட்டுவாள்.