பதினேழாம் புட்டி

அறிக்கை என் பைக்குள் வந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் கிணற்று நீரில் ஈயம், அனுமதித்த அளவைப் போல எட்டு மடங்கு. அக்காவுக்கு ஏழாம் மாதம். அவள் குடிப்பது அந்த நீரைத்தான்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மாதிரிப் புட்டிகளுக்கு எண் மட்டும்தான். பதினேழு எங்கள் வீடு என்பது எனக்கும் தலைமை வேதியியலாளருக்கும் தெரியும்.

அப்பா பேட்டரி ஆலையில் முப்பது வருடம் ஃபோர்மேன், திருச்சபையில் மூப்பர். வீட்டில் எந்த உருவமும் கூடாது. பிஸ்கட் டப்பாவில் இருந்த தேவதையைக்கூடக் கத்தியால் சுரண்டினார். கூடத்தில் தொங்குவது ஆலையின் புகைப்படம் ஒன்றுதான். கேட்டால், அது படமில்லை, சோறு என்பார். கிணற்றை ஒட்டிய கொல்லைப் பள்ளத்தை நிரப்பியதும் ஆலைக் கசடு, அவரே பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து கொட்டியது. ஆலை கொடுத்தது எதையும் அவர் வேண்டாம் என்றதில்லை.

தலைமை வேதியியலாளர் யூதர். பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, சிலையை வணங்கியவனின் பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை போகும் என்கிறதே, பேரப்பிள்ளை என்ன செய்தது என்று அவரிடம் கேட்டேன். அவர்களுடைய பெரியவர்களும் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். அப்பன் செய்ததைப் பிள்ளையும் கையில் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாவம் தொடரும் என்று முடிவுகட்டினார்களாம். பிறகு என் பையைப் பார்த்தார்.

"உனக்குக் கை வலிக்கலையாம்மா?"

அன்று மாலை வீட்டு ஜெபத்தில் பத்துக் கற்பனைகளை வாசிக்கும் முறை எனக்கு. இரண்டாவதில் நின்றுவிட்டேன். அக்கா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். நான் எழுந்துபோய் வாங்கிக் கீழே வைத்தேன்.

"வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். புள்ளத்தாச்சி தண்ணியவே புடுங்குறியேடி" என்றாள்.

அறிக்கையை அப்பா முன்னால் விரித்தேன். ஈயத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை படித்துவிட்டு, மடிப்பு மாறாமல் மடித்து வைத்தார். அக்காவுக்கு நான்தான் சொன்னேன்: கிணறு, ஈயம், கசடு.

"அப்பாவத் திட்டாதக்கா. அவருக்கு என்ன தெரியும்? பீப்பாய் மேல எச்சரிக்கை ஒண்ணும் போட்டிருக்காது."

அப்பா புகைப்படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் வயிற்றையும் பார்க்கவில்லை.

"போட்டிருந்துச்சு" என்றார். "ஒவ்வொண்ணுலயும் மண்டையோட்டுப் படம். கொட்டுறதுக்கு முன்னாடி நான்தான் சுரண்டுனேன்."