தப்பு மிஸ்

1

படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தவள் நோட்டிலிருந்து ஒரு தாளைச் சரக்கென்று கிழித்தாள். முழங்காலின் மேல் வைத்து ஒரு வரி எழுதினாள். அடித்தாள். கீழே வேறு ஒரு வரி எழுதினாள். நான்காக மடித்து சாக்பீஸ் டப்பாவின் அடியில் திணித்து, மேலே சாக்பீஸ்களைப் பரப்பி மூடியபோது மணி அடித்தது. வகுப்பில் நாற்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவதாக ஓர் ஆளும் இருந்தார், மடியில் ஒரு படிவத்தோடு.

நில்லுங்கள். இப்படி ஆரம்பித்தால் அடுத்த பத்தியில் ஒரு பிணம் விழுந்தாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிய கை இது, தானாக அப்படித்தான் போகும். ஆனால் இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. இது பிறந்ததே அந்த மடித்த சீட்டிலிருந்துதான். அதில் அவள் என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போதே சொல்லிவிட்டால் எங்கள் தொழிலில் பிழைக்க முடியாது.

2

[முதல் முயற்சி: "கலைந்த கூந்தலும் கலங்கிய விழிகளுமாக அந்த அழகிய பேராசிரியை—" வேண்டாம். கூந்தல் கலையவில்லை. அவள் பேராசிரியையும் இல்லை, பகுதிநேர விரிவுரையாளர்.]

[இரண்டாம் முயற்சி: "ஏழு வருஷமாக அந்தக் கல்லூரி அவளை—" சுரண்டியது என்று எழுதப் போனேன். கதை கட்டுரையாகிவிடும். நாற்காலியைப் பற்றிச் சொன்னாலே போதும்.]

ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. முழுநேரக்காரர்களுக்கு நாற்காலி, மேஜை, பூட்டு வைத்த அலமாரி. பகுதிநேரக்காரர்களுக்கு இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பம். அங்கேதான் விடைத்தாள் திருத்துவாள், டிபன் பாக்ஸைத் திறப்பாள், புரியவில்லை என்று வருகிறவர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பாள். யாராவது ஏறி இறங்கினால் காலை ஒதுக்கிக்கொள்வாள். பருவம் முடிந்ததும் துறைத்தலைவரிடமிருந்து போன் வந்தால் அடுத்த பருவமும் வகுப்பு உண்டு. வராவிட்டால் இல்லை. ஏழு வருஷத்தில் பதினான்கு முறை அந்தப் போனுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

இந்த வருஷம் ஐந்து பகுதிநேரக்காரர்களில் இரண்டு பேரை நிறுத்தப்போவதாகப் பேச்சு. கூடவே ஒரு சுற்றறிக்கை. சிறந்த பகுதிநேர ஆசிரியருக்கு விருது, மூன்று வருஷத்துக்கு வகுப்பு உறுதி, ஆசிரியர் அறையில் தனி இருக்கை.* அவள் கணவன் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, விருதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், நாற்காலியை மட்டும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்றான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, மூன்று வருஷம் என்ற இடத்தை மறுபடியும் படித்தாள்.

* இதை நான் ஜோடிக்கவில்லை. இவ்வளவு நன்றாக ஜோடிக்க எனக்கு வராது.

அவள் சொல்லிக்கொடுப்பது புள்ளியியல். சொல்லிக்கொடுக்கும் முறை அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போர்டில் எழுதுவாள். அது என்ன தப்பு என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதி சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்திருப்பாள். மணி அடிப்பதற்குள் யாராவது பிடித்துவிட்டால் டப்பாவைத் திறந்து சீட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வகுப்பே மேஜையைத் தட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பில்கூட ஒருவரும் கண்ணயர்வதில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தப்பு மிஸ். நேரிலேயே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு அது ஊறிவிட்டது.

ஏன் இந்த விளையாட்டு என்று துறைத்தலைவர் ஒருமுறை கேட்டபோது அவள் சொன்னாள்: "போர்டுல இருக்கறதெல்லாம் சரின்னு நம்பறவங்க கணக்குப் போட மாட்டாங்க சார். காப்பிதான் அடிப்பாங்க."

3

வகுப்புக்குள் போவோம்.

கடைசி வரிசையில், ஜன்னலோரம், பார்வையாளர். விருதுக் குழு அனுப்பிய ஆள். தொப்பை, கண்ணாடி, பேனா மூடியைக் கடிக்கிற கெட்ட பழக்கம். மடியிலிருந்த படிவத்தில் ஏழாவது கேள்வி: பாடம் நடத்துகையில் ஆசிரியர் தவறு ஏதும் செய்தாரா? ஆம் / இல்லை.

அவள் அந்தப் படிவத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஐந்து பேருக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தார்கள்.

முதல் அரைமணி பிசிறில்லாமல் போனது. நாற்பத்தொரு ஜோடிக் கண்கள் போர்டில் தப்பைத் தேடித் தேடி அலுத்தன. அப்புறம் பந்துக் கணக்கு வந்தது. பையில் பத்துப் பந்துகள், ஐந்து சிவப்பு, ஐந்து நீலம். ஒன்றை எடுக்கிறோம், சிவப்பு. அதை வெளியே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தால் அதுவும் சிவப்பாக இருக்க என்ன வாய்ப்பு? நூறு தடவை போட்ட கணக்கு. அவள் பார்வை ஒரு கணம் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பியது. பத்தில் நான்கு என்று எழுதினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் 'சந்தேகம்' என்று பெயர் வாங்கியவள்.

"மிஸ், ஒண்ணைத்தான் வெளிய எடுத்து வச்சுட்டோமே. பையில ஒன்பதுதான இருக்கு?"

தப்பு மிஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

அதற்குள் மேஜைகள் அதிர ஆரம்பித்துவிட்டன. சந்தேகம் எழுந்து வந்து டப்பாவை எடுத்தாள். இன்றைக்கு விருந்தாளி வந்திருக்கிறார், அவரே படிக்கட்டும் என்று ஏதோ ஒரு குரல் யோசனை சொன்னது. டப்பா கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போனது. நின்ற இடத்திலேயே நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். மூன்று வருஷமும் ஒரு நாற்காலியும் அந்த டப்பாவோடு போய்க்கொண்டிருந்தன.

பார்வையாளர் சாக்பீஸ்களை ஒதுக்கி, சீட்டை எடுத்து, பிரித்து—

4

இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். பக்கம் நிரம்பப் போகிறது, இன்னும் ஒருவரும் சாகவில்லையே என்று வருத்தப்பட்டார். ஒரு கணக்கு டீச்சர் எழுதிய தப்பை யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"சரி, விடுங்க. பேனா மூடியைக் கடிச்சது போதும் சார். முடிச்சு அனுப்புங்க."

5

முடிக்கிறேன். மூன்று விதமாக முடிக்கலாம்.

அ) சீட்டிலும் அதே தப்பு. கைதட்டல், விருது. வாசகர் கடிதங்கள் குவியும். ஆனால் தானே திட்டமிட்டு எழுதிய தப்பைப் பார்த்து ஒருத்தியின் கையில் சாக்பீஸ் ஏன் ஒடிய வேண்டும்? அடிபடுகிறது.

ஆ) சீட்டில் இருப்பது வேறு. பார்வையாளர் உள்ளதை உள்ளபடி படிக்கிறார். வகுப்பு அமைதியாகிறது. அவள் தலைநிமிர்ந்து, "இது நானா வச்ச தப்பில்ல, நிஜமாவே என் தப்பு" என்கிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கிழித்துப் போட்டேன். அதைச் சொல்லும் வாய்ப்பை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இ) சீட்டில் இருப்பது வேறு. ஆனால் பார்வையாளர் கூசாமல், "ஒன்பதுக்குப் பதில் பத்து என்று எழுதுவேன்" என்று படிக்கிறார். மேஜைகள் அதிர்கின்றன. நம்பும்படியாக இல்லை, எனக்கே தெரிகிறது. எங்கள் வகைக் கதைகளில் நோக்கம் இல்லாமல் ஒருவன் பொய் சொல்லக் கூடாது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக அந்தத் தொப்பைக்காரர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நடந்தது (இ)தான்.

6

அந்தத் தொப்பை என்னுடையது.

விருதுக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் தேவைப்பட்டது. என் தொடர்களை விடாமல் படிக்கும் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நோக்கம் என்னவென்றால், பரிதாபம் பாதி. மீதி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தொழில் பழக்கம். நாற்பத்தொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தார்கள். நல்ல முடிவு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டேன்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலக் காலை ஒதுக்கிக்கொண்டாள். நான் தாண்டிப் போகவில்லை.

"ஏன் சார் அப்படிப் படிச்சீங்க?"

"கண்ணாடி இல்லாம எழுத்து சரியாத் தெரியலம்மா."

கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷமா நானா வச்ச தப்பைத்தான் சார் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்குத்தான் நிஜமாவே என் தப்பைக் கண்டுபிடிச்சாங்க. அது அவங்களுக்கே தெரியாமப் போச்சு."

என் கை சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தது.

"உங்களை மட்டும் குத்தம் சொல்லல. நானும் வாயை மூடிட்டுத்தான நின்னேன்."

சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அது உங்களிடமே இருக்கட்டும், அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை என்றாள்.

[இந்த இடத்தில் அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லும் வசனம் ஒன்று— இல்லை. அன்றைக்கும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.]

7

விருது அவளுக்குத்தான். நாளைக் காலை விழா. பாராட்டுப் பத்திரத்தின் நகல் என் மேஜையில் இருக்கிறது. 'தவறு செய்யவும் தவறைக் கண்டறியவும் அஞ்சாத புதுமையான கற்பித்தல் முறைக்காக' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தன் முறையைப் பற்றி அவள் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். முன்வரிசையில் நாற்பத்தொரு பேரும் இருப்பார்கள், சந்தேகம் உட்பட. மேடையில் எனக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் அவளுக்கு ஒன்று.

மைக்கின் முன் நின்று அவள் என்ன சொல்ல வேண்டும்? உண்மையைச் சொன்னால் மூன்று வருஷம் போகும். சொல்லாவிட்டால் முறை போகும். ஆறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன், ஆறும் என் முடிவுகளாகவே இருந்தன. ஏற்கெனவே ஒருமுறை அவள் பேச வேண்டிய இடத்தில் நான் பேசிவிட்டேன். இந்த முறை பேனாவைக் கீழே வைக்கிறேன். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடயத்தை மட்டும் மறைத்துவைத்திருந்தேன். அதைக் கொடுக்காமல் உங்களை முடிக்கச் சொல்வது அநியாயம்.

சீட்டு இப்போது என் முன்னால் விரித்தபடி இருக்கிறது. மேலே, அடிக்கப்பட்ட வரியை இன்னும் படிக்க முடிகிறது: 'பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவேன்.'

அதன் கீழே, அவசரத்தில் சாய்ந்த எழுத்தில்:

'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தப்பு எதுவும் இல்லை. கோவிச்சுக்காதீங்க பசங்களா.'